என் நெற்றியில் அளந்த ஆங்கிலம்

உக்குவளை ஆங்கில வகுப்பில் கெட்டிக்காரன் நான்தான் என்று நம்பியிருந்தேன். புதிய வாசிப்புப் பத்தி எதையும் டீச்சர் முதலில் என்னிடம்தான் தருவார். பதவி உயர்வுக்கான ஆங்கிலப் பரீட்சையில் எனக்கு மிஞ்சியிருந்தது கடைசி வாய்ப்பு. கெட்டிக்காரன் என்ற அந்த நம்பிக்கையில்தான் சோறே இறங்கியது.

டீச்சர் ஒல்லியானவர்; நரைத்த கொண்டை. நான் வாசிக்கும்போது தாளைப் பார்க்கமாட்டார். மூக்குக்கண்ணாடியை இறக்கி என் நெற்றியையே பார்ப்பார். பிறகு தாளின் மூலையில் ‘லேசு’ என்றோ ‘கஷ்டம்’ என்றோ எழுதுவார்.

பரீட்சை நெருங்கியபோது கேட்டேவிட்டேன்.

“என் முகத்துல அப்படி என்னதான் பாக்குறீங்க டீச்சர்?”

“வேர்வை. நீங்க வேர்க்காம வாசிச்சிட்டா அது எல்லாருக்கும் லேசு. கோவிச்சுக்காதீங்க, இத விட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கல்ல.”

“அப்ப பரீட்சையில வேர்த்தா?”

“தொடைக்க லேஞ்சி ஒன்னு கொண்டு போங்க.”

மாத்தளைப் பரீட்சை மண்டபத்தில் முதல் வரியிலேயே நெற்றியைத் துடைத்த லேஞ்சி நனைந்துவிட்டது. எதிரே நின்று டீச்சர் பார்ப்பதுபோலவே இருந்தது. எனக்கே வேர்த்தால் எல்லோருக்கும் கஷ்டம்தானே என்று தேற்றிக்கொண்டேன்.

வகுப்பில் மற்ற எல்லோரும் பாஸ். நான் ஃபெயில்.