பதினொரு நாள் அனுபவசாலி

எனக்குக் கொழுந்து எடுக்கத் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, முப்பத்திரண்டு வயது வரை லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தும் தெரியாது. கொழுந்தெடுத்தே பிழைத்த அம்மா வேண்டுமென்றே என்னை அப்படித்தான் வளர்த்தாள். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில், கூட்டாளிப் பிள்ளைகளோடு கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறேன் என்று கிளம்பினேன். அடுப்பிலிருந்த விறகுக் கட்டையை உருவி முதுகில் ஒன்று போட்டாள். அதற்குப் பிறகு தேயிலைச் செடியைத் தொட்டதில்லை. படித்தேன், ஆசிரியை ஆனேன், கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன்.

அப்பா இல்லாத வீட்டில் அரசாங்க வேலை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நான் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தால் லயத்தில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். நாடு கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தான வருடத்திலும் எழுந்து நின்றார்கள். மண்ணெண்ணெய் வரிசையில் மட்டும் யாரும் எனக்கு இடம் விடவில்லை. என் சம்பளம் அப்படியே இருந்தது, மற்ற எல்லாம் ஏறிவிட்டது. கடைவீதிக்கு மேலே கட்டத் தொடங்கிய சின்ன வீடு ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோனது. சீமெந்து விலையைக் கேட்டு மேசன் பாஸே எனக்கு ஆறுதல் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் ஒரு சுற்றுநிருபம் விட்டது. அரச ஊழியர்கள் சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போய் உழைக்கலாமாம். கணித ஆசிரியர் அதை ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்தார். இத்தனை வருடமும் நேரத்துக்கு வா, போகாதே, லீவு கேட்காதே என்று சொன்ன அரசாங்கம், தயவுசெய்து எங்காவது போய்த் தொலை என்று இவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்று பின்னேரமே நான் ஹட்டனுக்குப் போய்விட்டேன்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவரின் அலுவலகம் அவருடைய புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. என் பட்டச் சான்றிதழ், ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் பரப்பினேன். அவர் கவனமாகப் பார்த்துவிட்டு, கவனமாக என் பக்கமே தள்ளிவைத்தார்.

"டீச்சர், இதெல்லாம் உள்ளுக்கு வைங்க. இது ஸ்ட்ராபெரித் தோட்டம். பழம் பறிக்கிற வேல. படிச்ச ஆள்னு தெரிஞ்சா அங்க போய் வேற வேலைக்குப் பாஞ்சிடுவாங்கன்னு கம்பனிக்காரன் பயப்படுறான். நீங்க தோட்டத்துல ஒரு லெட்டர் எடுத்துட்டு வாங்க, இலை பறிச்ச அனுபவம் இருக்குன்னு. அது போதும்."

"எனக்கு அந்த அனுபவமே இல்லீங்களே."

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். "தோட்டத்துப் புள்ளைக்கு அனுபவம் இல்லாமலா?"

இலங்கையில் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. எங்களுக்குக் கொழுந்தெடுப்பது ரத்தத்தில் ஊறியது என்பார்கள். அந்த ரத்தத்தை மாற்றத்தான் பதினாறு வருடம் படித்தேன். இப்போது மாற்றியதை மறைக்கச் சொல்கிறார்கள். எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்த நாட்டில் ஒரு மாதத்துக்கு என்ன கிடைக்கும் என்று அவர் சொன்னபோது எரிச்சல் உடனே அடங்கியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து ஆபிஸில் பெரிய கிளாக்கர் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவருடைய மகன் என் வகுப்பில் படித்தான். விஷயத்தைச் சொன்னதும் பெயர் ஏட்டைப் புரட்டினார்.

"உங்க பேரு செக்ரோல்ல ஒரு நாள் கூட இல்லையே டீச்சர். கொஞ்ச நாளாச்சும் மலைக்குப் போங்க. ஒரு பத்து நாள் பேரு விழுந்தாப் போதும், என் மனச்சாட்சிக்கு. மிச்சத்த நான் எழுதிக்கிறேன்."

பெற்றோல் இல்லையென்று பள்ளிக்கூடங்களை மூடியிருந்த நாட்கள் அவை. காரணம் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அன்று மாலை அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். விறகுக் கட்டை பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "எங்க கேங்குக்கு மட்டும் வராத" என்றாள்.

ஆகவே வேறு கேங்கில் சேர்ந்தேன். விடிகாலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் கங்காணி, என்னைக் கண்டதும் செருமிக்கொண்டார். மற்றப் பெண்களை வாடி போடி என்று விரட்டுகிறவர், என்னிடம் வந்ததும் "டீச்சர், நீங்க அந்த ரெண்டாவது நெரையப் புடிச்சிக்கிறீங்களா" என்றார். மலை முழுக்கச் சிரிப்பு. இடுப்பில் சாக்கைக் கட்டத் தெரியாமல் நின்றேன். ஒரு பெண் வந்து கட்டிவிட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான் படித்தார்கள்.

"ஒவ்வொண்ணா பாத்துத் திருத்துறதுக்கு இது என்ன பரீட்சைப் பேப்பரா? கைய வீசி எடுங்க டீச்சர்."

வீசினேன். முத்தல் இலையும் குச்சியும் கையோடு வந்தன. தாவரக் கலத்தின் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். எது பறிக்கிற கொழுந்து, எது விடுகிற கொழுந்து என்று மட்டும் பிடிபடவில்லை. அட்டைகளுக்கு என் பதவி தெரியாததால் காலில் தாராளமாக ஏறின. மத்தியானம் கொழுந்து நிறுக்கப் போகும் வழியில், யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நான்கைந்து பெண்கள் தங்கள் பையிலிருந்து ஆளுக்கொரு பிடி அள்ளி என் பைக்குள் போட்டுவிட்டு நடந்தார்கள். வேண்டாம் என்றேன். வாங்காமலும் இருக்கவில்லை. அப்படியும் எடை போதாமல் எனக்கு அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது.

அன்று மாலை அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு ஒரு சட்டியை என் முன்னால் வைத்தாள். கையை விட்டதும் எரிந்தது. விரல்களெல்லாம் கறுத்து, ஓரங்கள் வெடித்திருந்தன. அம்மா என் கையைப் பார்க்கவேயில்லை, சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மலையில் எல்லோரும் சிரித்தபோது வராத வெட்கம் அது.

பதினொரு நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் கிளாக்கர் கடிதத்தைத் தந்தார். நல்ல கனமான தாளில், ஆங்கிலத்தில், தோட்டத்து முத்திரையோடு. வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: இவர் எமது தோட்டத்தில் நீண்ட காலமாகக் கொழுந்து பறித்து வருபவர். கைவேகம் மிக்கவர். மழை, குளிர் பாராமல் வேலை செய்பவர். யாரும் கண்காணிக்காத இடத்திலும் நேர்மையாக உழைப்பவர். இவருடைய சேவையைத் தோட்ட நிர்வாகம் நன்றியுடன் மதிக்கிறது.

வாசிக்க வாசிக்க எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"இந்த மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுப்பாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தேழு வருடம் மலையேறியவளுக்கு யாரும் இப்படி ஒரு வரி எழுதித் தந்ததில்லை. நான் அரைப்பேர் வாங்கிய பதினொரு நாளுக்கு ஒரு பக்கம். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

"கேட்டா குடுப்பாங்கம்மா. நானே போய் வாங்கிட்டு வர்றேன். சுவத்துல மாட்டி வைக்கலாம்."

"சுவத்துல மாட்ட எதுக்குடி? நான் போறேன்."

"எங்க?"

"அந்தப் பழத் தோட்டத்துக்கு. எனக்குத்தான் வேல தெரியுமே. ரெண்டு வருசம் இருந்துட்டு வந்துருவேன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ."

வயது எல்லை நாற்பத்தைந்து என்றேன். அம்மாவுக்கு ஐம்பத்தாறு. அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"கொறைச்சுப் போடச் சொல்லேன். ஒனக்கே இவ்வளவு எழுதுன மனுசன், எனக்கு ஒரு பதினொரு வயசு கொறைக்க மாட்டாரா?"

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கத் தேநீர் ஊற்றப் போனேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது, போனேன். கடிதத்தை முகவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை; ஆசிரியர் அறையில் விசா சரிவரவில்லை என்று சொல்லிவைத்தேன். கணித ஆசிரியர் மெய்யாகவே வருத்தப்பட்டார். முகவர் மூன்று முறை கோல் எடுத்துவிட்டு ஓய்ந்தார். அம்மாதான் ஓயவில்லை. மலையிலிருந்து வந்து சாக்கை அவிழ்க்கும்போதெல்லாம் கேட்பாள், அந்த நாட்டில் நாற்பத்தைந்து என்பது அவ்வளவு கண்டிப்பான சட்டமா என்று.