வாலடியில் ஒரு கேள்வி

ஒகாலா நகரில் பழுதான கார்களை இழுத்துப் போகும் லாரியை ஓட்டுபவள் லொரெட்டா. சந்தையில் அவள் வாங்கிய விஷமில்லாத 'கார்ன்' வகைப் பாம்புக் குட்டிக்கு இன்னும் பெயரில்லை. ஆணா பெண்ணா என்று தெரிந்தால்தானே வைப்பது! விற்றவன் வாலடியை அழுத்திப் பார்த்து, "ஒண்ணும் வெளிய வரல, பொண்ணுதான்" என்றிருந்தான்.

பாம்பு வளர்க்கும் பக்கத்து வீட்டு டெல்மர் அதைக் கேட்டுச் சிரித்தார். "ஆணா இருந்தா உறுப்பு வெளிய வரும். ஆனா பயந்த ஆண் குட்டி இறுக்கிப் பிடிச்சுக்கும். வரலேன்னா எதையும் சொல்ல முடியாது."

"நல்லா இருக்கே கதை! அப்போ பொண்ணுன்னு எப்பத்தான் தெரியும்?"

"முட்டை போட்டா."

"போடலேன்னா?"

டெல்மர் குட்டியை வாங்கி அதன் வாலடியை அழுத்தினார். குட்டி அவள் சட்டையில் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீச்சியடித்தது.

லொரெட்டா சட்டையை உதறினாள்.

"இதுக்குத் தெரியும் டெல்மர். திமிரு, சொல்ல மாட்டேங்குது."