கிரீஸ் பூசிய கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கேட்டின் கீலைக் கடற்காற்று தின்னும், ஜன்னல் கம்பியையும் தின்னும். அதனால் என் வீட்டுக்காரர் கிரீஸ் டப்பாவும் கையுமாகவே அலைவார். மீன்பிடி வள்ளத்தில் இன்ஜின் ஓட்டிய காலத்துப் பழக்கம். நான் அசையாமல் உட்கார்ந்தால் என் முழங்காலிலும் பூசிவிடுவார்.

மகன் வாடகைக்கு ஓட்டும் கார் திடீரென்று நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் அதை மாத வாடகைக்கு எடுப்பதாகச் சொல்லி, திங்கட்கிழமை காலையில் வண்டியோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று சனிக்கிழமை. சாத்தான்குளத்து மெக்கானிக் போனில் விசாரித்துவிட்டு, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரில்தான் கோளாறு, அதை மட்டும் கழற்றி பஸ்ஸில் கொடுத்துவிட்டால் நாளைக்கே பார்த்துத் தருகிறேன் என்றார்.

கழற்றும் முறையையும் அவரே சொன்னார். சாவியை எடுத்துவிட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, கொஞ்சம் பொறுக்க வேண்டும். வண்டியின் வெறும் இரும்பைத் தொட்ட பிறகுதான் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட வேண்டும். நம் உடம்பிலிருக்கும் கரண்ட் அதைக் கெடுத்துவிடுமாம். என் உடம்பில் கரண்ட் இருந்தால் என் வீட்டுக்காரர் என்றைக்கோ கருகியிருப்பாரே என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மகன் வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் பூட்டை விலக்கினான். போல்ட்டுகளைக் கழற்றிப் பெட்டியை எடுத்தான். ஜெபப் புத்தகம் அளவுதான் இருந்தது. அதைத் துண்டின்மேல் வைத்துவிட்டு, அட்டைப்பெட்டி வாங்கக் கடைக்குப் போனான். நான் காப்பி போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது, பிளக் மாட்டும் இடத்தில் வரிசையாக நின்ற ஊசிகளெல்லாம் கிரீஸில் மூழ்கியிருந்தன. என் பின்னாலேயே மகனும் வந்துவிட்டான்.

"யப்பா, என்ன செஞ்சிய?"

"உப்புக்காத்துல போவுதுல்லா. துரு ஏறிரும்லா."

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டான். துடைக்காதே, ஊசி வளைந்தால் பெட்டியே போய்விடும், அப்படியே அனுப்பு என்றார் அவர். திங்கட்கிழமைக்குள் ஆகாது என்றும் சொல்லிவிட்டார்.

மகன் ஆபீஸுக்கும் போன் போட்டான். வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக அவர்கள் சொன்னார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிப் போனான்.

இவர் குழாயடியில் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏளா, என்னய ரெண்டு வார்த்த ஏசேன்."

சோப்பை எடுத்துக் கொடுத்தேன்.