ஜெயசீலியின் பாட்டுக்கு இரண்டு டிஸ்க்கு

எங்கள் பக்கத்து வீட்டு ஏசுராஜுக்கு எதையும் இரண்டாக வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். வீட்டுச் சாவி இரண்டு, டார்ச் லைட் இரண்டு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் வேலை. 2005-இல் தொண்டை ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் மனைவி ஜெயசீலி அக்காவுக்குக் குரல் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வரும். அவர் சர்ச்சில் பாடியவை சில கேசட்டுகளில் மட்டும் இருந்தன. நாடா தேய்வதற்குள் அவற்றைப் பத்திரப்படுத்த, வீட்டிலேயே ஒரு சர்வர் வைக்கக் கிளம்பினார் ஏசுராஜ்.

கம்ப்யூட்டர் கடைக்கார முனீர் அகமது அப்போதே சொன்னார். "டிஸ்க்கு ரெண்டு எடுக்கிறீங்க, சரி. மெமரியும் புதுசா போட்டுக்கோங்க சார். பழசுல ரிஸ்க்கு ஜாஸ்தி."

"மெமரில இன்னா பாய் இருக்கு? கரண்ட் போனா எல்லாத்தையும் மறந்துடும். டிஸ்க்குதான் முக்கியம். ரெண்டுலயும் ஒரே பாட்டு, ஒண்ணு போனா இன்னொண்ணுல இருக்கும்."

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? கம்பெனியில் கழித்துப்போட்ட மெமரியையே மாட்டினார். தெருவுக்குப் பின்னால் தோல் பதனிடும் டேனரி. அந்தக் காற்றில் வெள்ளிக் கொலுசே கறுத்துவிடும், மெமரி எம்மாத்திரம்? சர்வர் அடிக்கடி படுத்துக்கொண்டது. மெமரியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினால் எழும். எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான்.

கேசட் பாட்டெல்லாம் சர்வரில் ஏற்றியாயிற்று. முதல் பாட்டை மட்டும் கொஞ்சம் கேட்டுப்பார்த்தார். சர்ச் பாட்டுக்குழுவில் பழைய கேசட்டை வீணாக்க மாட்டார்கள், பழைய பாட்டை அழித்து அதன்மேலேயே கிறிஸ்மஸ் பாட்டைப் பதிவு செய்வார்கள். அவர்கள் கேட்டதும் அக்காவின் கேசட்டுகளை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டார் ஏசுராஜ். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

கல்யாண நாளன்று அக்கா தன் பாட்டைப் போடச் சொன்னார். முதல் பாட்டு நடுவிலேயே கரகரத்து நின்றது. மற்றவை திறக்கவே இல்லை. இரண்டாவது டிஸ்க்கிலும் அதே கரகரப்பு.

முனீர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எல்லாம் மெமரி வழியாதானே சார் டிஸ்க்குக்குப் போவுது. வழியிலயே கெட்டுப்போய்ட்டா, ரெண்டுலயும் கெட்டதுதான் இருக்கும்."

அவர் போனபின் அக்கா ஏசுராஜின் கையில் ரப்பரை வைத்து, காற்றுக் குரலில் சொன்னார்.

"இன்னாங்க, தேய்ச்சுப் பாருங்களேன்."

இனி எதைத் தேய்த்தாலும் வராது என்று ஏசுராஜுக்குத் தெரியும். ஆனாலும் மெமரியைக் கழற்றித் தேய்க்க ஆரம்பித்தார். அக்கா ஸ்பீக்கர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.