கடப்பாறையின் மறுமுனை

எண்பதுகளின் பிற்பகுதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் கிராமத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே ஓர் ஆறு. அதன் மேல் வெள்ளைக்காரன் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஐந்து கண் பாலம். வளைவு வளைவாக ஐந்து கண்கள், அவற்றின் மேல் மண்ணைக் கொட்டி நிரவி, மண்ணுக்கு மேல் தார் ரோடு. கரும்பு லாரியெல்லாம் அதன் மேல்தான் போகும்.

என் மகனுக்கு அப்போது ஒரு வயதுகூட முடியவில்லை. காய்ச்சல் கண்டால் வலிப்பு வந்துவிடும். அன்று காலையில் உடம்பு சுட ஆரம்பித்தது. பாட்டிலில் மருந்து இல்லை. கணவர் நெல் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நான்தான் பஸ் ஏறினேன். மருந்து வாங்கித் திரும்பும்போது வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. மருந்துப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன், ஓடினேன் என்றே சொல்லலாம்.

பாலத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. காலையில் நான் கடந்துபோன அதே பாலம்தான். நடுக்கண்ணுக்கு மேலே ரோட்டைக் குறுக்கே வெட்டிப் பள்ளம் பறித்திருந்தார்கள். அடியில் வளைவின் செங்கல் முதுகு ஈரமாகத் தெரிந்தது. கைப்பிடிச் சுவரும் அந்த இடத்தில் இல்லை. கல்வராயன் மலையில் நல்ல மழை போலிருக்கிறது, செம்மண் தண்ணீர் கீழே இரைந்துகொண்டு போனது. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஆண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாலத்தை நினைத்துப் பயந்தேனா, அவர்களைப் பார்த்துப் பயந்தேனா, இன்றுவரை தெரியவில்லை.

"இன்னாம்மா, எங்க போற?" என்றார் கடப்பாறை வைத்திருந்தவர். முப்பது வயது இருக்கலாம். அழுதுகொண்டே சொன்னேன்.

"எறங்கி அந்தப் பக்கம் ஏறிடு தங்கச்சி."

"இடிஞ்சி வுழுந்துடுமேண்ணே!"

அவர் சிரித்துவிட்டார். "காலைலேர்ந்து மாத்தி மாத்தி இடிச்சிக்கினு இருக்கோம். ஒரு செங்கல்லு பேரல. நீ நடந்தா இன்னா ஆவப்போவுது?"

பாலத்தை உடைக்க வந்தவரே அதற்கு ஜாமீன் நின்றார்! நான் நம்பினேன். வேறு வழியும் இல்லை.

அவர் முதலில் இறங்கினார். அந்நியப் பெண்ணின் கையைப் பிடிக்கக் கூச்சமோ என்னவோ, கடப்பாறையை நீட்டினார். அதன் மறுமுனையைப் பற்றிக்கொண்டு செங்கல்லில் கால் வைத்தேன். வழுக்கியது. எங்கிருந்தோ ஒரு காரைத்துண்டு பெயர்ந்து ஆற்றில் விழுந்த சத்தம் கேட்டது. நான் குனிந்து பார்த்தேன்.

"கீழ பாக்காத. புள்ளைய நெனச்சிக்கினு வா."

மேடேறியதும் நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன். குழந்தையின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது, ஆனால் வலிப்பு வரவில்லை. மருந்தைப் புகட்டி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

போராட்டம் ஓய்ந்த பிறகு பாலத்தைச் சரிசெய்ய ஓர் ஓவர்சீயர் வந்திருந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தவரிடம் இந்தக் கதையைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"மேல மண்ணு பாரம் அழுத்துனாதாம்மா வளைவுல கல்லுக்குக் கல்லு பிடிமானம். இவங்க வளைவோட ஒரு பக்கத்து மண்ண மட்டும் அள்ளிட்டாங்க. உள்ள காரையெல்லாம் வுட்டுப்போய் இருந்துச்சி. எப்ப வேணா வுழுந்திருக்கும். அதுல ரெண்டு பேரா நடந்தீங்க?"

நான் உள்ளே போய்க் குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

இப்போதும் பஸ் அந்த இடத்தில் லேசாகத் தூக்கிப் போடும்போது முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறேன். பாலம் விழாது என்று அந்தக் கடப்பாறைக்காரர் சொன்னது தப்பு. ஆனால் அதை நம்பி என்னோடு அவரும் அல்லவா அந்தக் கல்லில் நின்றார்? அவர் நீட்டிய கடப்பாறையைப் பற்றியது தப்பு என்று மட்டும் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.