லேப் அக்காவின் கை

கொதிக்கும் கண்ணாடிக் குவளையை வெறும் விரல்களால் பிடித்துக்கொண்டு அவர் சிரிப்பதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியன். அவர் ஆய்வுக்கூட உதவியாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கள் எல்லாருக்கும் லேப் அக்கா.

தூண்டலும் துலங்கலும் பாடம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். வேண்டியதையெல்லாம் அக்கா முதல் நாளே எடுத்து வைத்துவிடுவார். ஒரு பக்கம் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வெளிச்சத்தைத் தேடி வளைந்து நிற்கும் பயற்றஞ்செடி. வினிகர் நனைத்த பஞ்சு அருகில் வந்ததும் சுருங்கி விலகும் மண்புழு. நுண்ணோக்கியின் அடியில் ஒரு துளிக் குட்டைத் தண்ணீர், அதில் உப்பு கரையும் ஓரத்தை விட்டுத் திரும்பி ஓடும் நுண்ணுயிர்கள். உயிருள்ளது எதுவும் ஆபத்து வந்தால் விலகும் என்று முழங்கிவிட்டு, கடைசியில் அக்காவைக் கூப்பிட்டு அடுப்பிலிருந்த குவளையைத் தூக்கச் சொல்வேன். அவர் நிதானமாகத் தூக்கிக் காட்டுவார். மலாயில் நடக்கும் பாடத்தில் ஒரு வரியை மட்டும் தமிழில் சொல்வேன்: "எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி." தமிழ்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டின கை சார். காய்ச்சுப் போச்சு லா," என்று அக்காவும் சிரிப்பார்.

நான்கு வருடம் இந்த வேடிக்கையைக் காட்டினேன். அவர் விரலில் கொப்புளங்களைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே தவிர, ஏன் வலிக்கவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. படித்த முட்டாள் என்றால் நான்தான். வேறெதற்கோ மருத்துவமனைக்குப் போனவரின் முழங்கையில் இருந்த வெளிறிய தேமலைத் தொட்டுப் பார்த்து, அங்கே உணர்ச்சியே இல்லை என்று தாதிதான் கண்டுபிடித்தார். தொழுநோய். அதற்குள் இரண்டு விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன.

சிகிச்சை முடிந்து, இனி யாருக்கும் தொற்றாது என்ற மருத்துவர் கடிதத்தோடு அடுத்த ஆண்டு திரும்பி வந்தார். ஆசிரியர் அறையில் ஒரே முணுமுணுப்பு. தலைமையாசிரியர் என்னைத் தனியாக அழைத்து, "நீங்க சயன்ஸ் வாத்தியார். நீங்க சாதாரணமா பழகினா மத்தவங்களும் பழகுவாங்க. இல்லாட்டி அந்தம்மா இங்க வேலை செய்ய முடியாது," என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் தலைமையாசிரியருக்கு விளக்கிச் சொன்னதே நான்தான்.

மறுநாள் இடைவேளையில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா என்னிடம் கோப்பியை நீட்டினார். வாங்கப் போன என் கை பாதியில் நின்று பின்னால் வந்துவிட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை. ஆனால் இத்தனை வருடமாகியும் அதைச் சமாதானமாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு குவளையை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "ரொம்ப சூடா இருக்கு சார். ஆறட்டும், அப்புறமா குடிங்க."

அந்த வாரக் கடைசியில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கோப்பி நீட்டிய அன்று, அவர் அறையை விட்டுப் போன உடனே குவளையைத் தொட்டுப் பார்த்தேன். கோப்பியில் சூடே இல்லை.