வாயில் வெற்றிலையோடு சிலம்படி பார்க்கிறேன்

நான் மூன்றாம் வகுப்புத்தான் படித்தேன். ஆனாலும் கல்முனைக்குடியில் சொந்த அரிசிக்கடை வைத்து, யாரிடமும் கைநீட்டாமல் வாழ்கிறேன். என் மகன் றமீஸ் ஓரிடத்தில் இருக்கமாட்டான். கராத்தேதான் இப்போது மோஸ்தர் என்றார்கள். நான் கம்பு சுற்றும் சிலம்படிக்கு அனுப்பினேன். ஒரு வருசத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்திலும் அடங்கி இருந்து படித்தான்.

போன மாதம் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் அவனும், அவனைப் பழக்கும் அண்ணாவியாரும் எதிரெதிரே கம்பெடுத்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்ட புள்ளடா! மகன் றமீஸ், காலுக்கு அடி!" என்று கத்தினேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினான். அண்ணாவியாரின் கம்பு அவன் கண்ணருகே வந்து நின்றது. அவர் கையை இழுத்திருக்காவிட்டால் கண் போயிருக்கும்.

"காக்கா, எதிராளியை விட்டுக் கண்ணை எடுக்காதே எண்டு ஒரு வருசமாப் பழக்கினன். ஒரு சத்தத்தில கெடுத்திட்டீங்களே!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அண்ணாவியார்.

"வாப்பா கூப்பிட்டா திரும்பத்தானே வேணும்?" என்றான் மகன். அப்படி அடித்துப் பழக்கியவன் நான்தான்.

இப்போதும் முன்னுக்குத்தான் நிற்கிறேன், என் மகனல்லவா! ஆனால் அவன் கம்பெடுக்குமுன் வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுவிடுவேன். ஊர்வலம் முடிந்த பிறகுதான் துப்புவேன்.